டிக்குக்குக் கிடைத்த பதில்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் புத்தகத்தைக் கடைசி அத்தியாயம் வரை விடாமல் பிடித்து, கம்பைலர் தொடங்கி கெர்னல் வரை உன் கையாலேயே கட்டி, பூட்டும் பண்ணிவிட்டாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. உடனே அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அதே கடிதத்தின் முடிவில், டிஎன்எஸ் வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டு போட்டுவிடட்டுமா என்கிறாய். வேண்டாம்டா. நீ அனுப்பிய குறிப்புகளுக்குள்ளேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

8.8.8.8-க்குப் பிங் போய்த் திரும்புகிறது. ஆகவே கேபிள், கார்டின் டிரைவர், ஐபி முகவரி, கேட்வே எல்லாம் சரி. அந்தப் பக்கம் இனிமேல் கை வைக்காதே. அடுத்தது, பெயரைக் கொடுத்து டிக் ஓட்டினால் பதில் வருகிறது. அதே பெயருக்கு டபிள்யூகெட் மட்டும் ‘தற்காலிகத் தோல்வி’ என்று நின்றுவிடுகிறது. நீ குழம்பியது இந்த இடத்தில்தான். எனக்கு வழி தெரிந்ததும் இதே இடத்தில்தான்.

இரண்டும் ஒரே வழியில் போய்க் கேட்பதில்லை. டிக் தானே ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைப் படித்து, சர்வரின் 53-ஆம் போர்ட்டுக்கு நேரே கேள்வியை அனுப்பிவிடும். டபிள்யூகெட் அப்படியில்லை, சி நூலகமான ஜிலிப்சியிடம் கேட்கும். ஜிலிப்சி முதலில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் ஃபைலில் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியைப் பார்த்து, அதில் இருக்கும் வரிசைப்படி போகும்: ‘ஃபைல்ஸ்’ என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைல், ‘டிஎன்எஸ்’ என்றால் ரிசால்வ்.கான்ஃபில் உள்ள சர்வர்கள். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வகுக்கும் முன்பு, ஆர்ப்பாநெட்டில் எல்லா இயந்திரங்களின் பெயர்களும் ஒரே ஃபைலில்தான் இருந்தன. கலிபோர்னியாவில் ஒரே அலுவலகம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அங்கிருந்து நகல் எடுத்துக்கொண்டார்கள். உன் ஹோஸ்ட்ஸ் ஃபைல் அந்த வம்சம். அதனால்தான் எதை முதலில் பார்ப்பது என்று இன்றும் ஜிலிப்சிக்கு நாம் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரியில் ‘டிஎன்எஸ்’ விட்டுப்போயிருந்தால் கேள்வி இயந்திரத்தை விட்டு வெளியே போகாது. ஆனால் அப்போது பெரும்பாலும் ‘அப்படியொரு பெயரே தெரியாது’ என்ற பிழைதான் வரும். உனக்கு வந்தது ‘தற்காலிகத் தோல்வி’. கேட்கப் போன சர்வரிடமிருந்து உருப்படியான பதில் வராதபோதுதான் ஜிலிப்சி இப்படிச் சொல்லும். பிழைச் செய்தியை ஒரு சொல் விடாமல் படி என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். நீ ஒட்டி அனுப்பியதில் டிக் வரியின் தொடக்கத்தில் # குறி இருக்கிறது, டபிள்யூகெட் வரியில் $ குறி. முதலாவதை ரூட்டாகவும் மற்றதைச் சாதாரண யூசராகவும் ஓட்டியிருக்கிறாய். என் சந்தேகம் முழுக்க ரிசால்வ்.கான்ஃபின் அனுமதிகள் மேல்தான். உமாஸ்க் 077 இருந்தபோது அதை உருவாக்கியிருந்தால் ஃபைல் 600-இல் இருக்கும். ரூட்டைத் தவிர யாராலும் படிக்க முடியாது. படிக்க முடியவில்லை என்று ஜிலிப்சி சொல்லவும் சொல்லாது. சர்வரே குறிப்பிடப்படவில்லை என்று வைத்துக்கொண்டு 127.0.0.1-ஐக் கேட்கும். உன் லேப்டாப்பில் அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

ஊகத்தோடு நிற்காதே. சாதாரண யூசராகவே டபிள்யூகெட்டுக்கு முன்னால் எஸ்ட்ரேஸ் போட்டு ஓட்டு. எந்தெந்த ஃபைலைத் திறக்கப் பார்த்தது, எதில் அனுமதி மறுக்கப்பட்டது, எந்த முகவரியின் 53-ஆம் போர்ட்டுக்குப் போனது என்று வரிவரியாக வரும். 127.0.0.1 தென்பட்டால் விஷயம் முடிந்தது, ரிசால்வ்.கான்ஃபின் அனுமதியை 644 ஆக்கிவிடு. பிறகு டிக்கை விட்டுவிட்டு கெட்என்ட் கொண்டு சோதி. அதுதான் டபிள்யூகெட் போகும் வழியில் போகும்.

சரிசெய்த பிறகு ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார். நீ டிஎச்சிபிசிடி போட்டிருப்பதால், ரூட்டர் கொடுக்கும் முகவரியை அது ரிசால்வ்.கான்ஃபில் எழுதி, நீ எழுதியதை அழிக்கலாம். ஃபைலை மாற்றவே முடியாதபடி பூட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது; இன்னொரு நாள் வேறு நெட்வொர்க்கில் மாட்டும்போது ஏன் ஓடவில்லை என்று மறுபடி தேடுவாய். டிஎச்சிபிசிடி-யின் கான்ஃபிக்கில் ரிசால்வ்.கான்ஃபைத் தொடாதே என்று ஒரு நோஹூக் வரி போதும்.

பெயர்கள் கிடைத்தும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி இழுத்தால், முதலில் எழுதிய சர்வர் செத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்ததிடம் போகும் முன் ஜிலிப்சி காத்திருக்கும் நேரம் அது.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள். பழைய லேப்டாப், சிமாஸ் பேட்டரி போயிருக்கலாம். தேதி பின்தங்கியிருந்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் செல்லாது என்று டபிள்யூகெட் மறுக்கும். அதை டிஎன்எஸ் கணக்கில் சேர்த்துவிடாதே. எஸ்ட்ரேஸில் வந்ததை வெட்டாமல் முழுசாக அனுப்பு.

அன்புடன்,
அக்கா