கோளத்தின் மறுபக்கம்

சமதளத்தில் வரையப்பட்ட முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகையாகும் என்பதைப் பள்ளியிலேயே கற்றறிந்த மாணவர், கோளப்பரப்பில் அந்தக் கூட்டுத்தொகை எப்போதும் 180ஐ விஞ்சி நிற்கும் என்பதையும், விஞ்சும் அளவைக் கொண்டே முக்கோணத்தின் பரப்பைச் சொல்லிவிடலாம் என்பதையும் முதன்முதலாக எதிர்கொள்ளும்போது திகைத்துப்போவது இயல்பு. கோள முக்கோணம் என்பது மூன்று பெருவட்டங்களின் விற்களுக்குள் அடைபட்ட பகுதி. பெருவட்டம் என்பது கோளத்தின் மையத்தின் வழியே செல்லும் தளம் கோளப்பரப்பை வெட்டுவதால் உண்டாகும் வட்டம், நிலநடுக்கோட்டைப் போல. கோணத்தொகையிலிருந்து 180 பாகையைக் கழித்தால் எஞ்சுவது கோள மிகை. வடதுருவத்திலிருந்து 90 பாகை இடைவெளியில் இறங்கும் இரண்டு தீர்க்கக்கோடுகளும் நிலநடுக்கோடும் அடைக்கும் முக்கோணத்தில் மூன்றுமே செங்கோணங்கள். அதன் மிகை 90 பாகை, பரப்போ கோளத்தில் எட்டில் ஒரு பங்கு.

1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணியைப் போன்றவற்றில் இந்த மிகையைப் புறக்கணிக்க இயலாது. ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை வீதம், அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு வீதம், புவிப்பரப்பில் வரையும் முக்கோணங்களில் அது சேர்ந்துகொண்டே போகிறது.

மிகையும் பரப்பும் நேர்விகிதத்தில் உள்ளன என்பதை எல்லா முக்கோணங்களுக்கும் பொதுவாக நிறுவ முனையும்போதுதான் இடர் தொடங்குகிறது. மாணவர் வழக்கமாக, அதுவரை பயின்ற கோசைன் வாய்பாட்டையும் அரைக்கோண வாய்பாடுகளையும் எடுத்துப் பக்கம் பக்கமாகச் சுருக்கிப் பார்க்கிறார். ஆனால் அவை பக்கங்களையும் கோணங்களையும் பிணைப்பவையே தவிரப் பரப்பைப் பற்றி நேராக எதுவும் கூறாதவை என்பதால், எவ்வளவு உழைத்தாலும் கேட்டது கைக்கு வருவதில்லை. அந்நிலையில் உதவி நாடி வருபவரிடம் முழு நிறுவலையும் எழுதி நீட்டிவிட்டால், ஒவ்வொரு வரியும் சரி என்று அவர் ஒப்புக்கொள்வார். தாம் ஏன் அந்தத் திசையில் பார்க்கவே இல்லை என்பது மட்டும் அவருக்கு விளங்காமலே போகும். முக்கோணத்தின் பக்கங்களை முழு வட்டங்களாக நீட்டி, கோளம் முழுவதையும் பார்க்கச் சொல்வதே அவருக்குச் செய்யத்தக்க பேருதவி.

நீட்டியவுடன் படம் மாறிவிடுகிறது. ஒரு முனையில் சந்திக்கும் இரண்டு பெருவட்டங்கள் நேரெதிர் முனையிலும் சந்திப்பதால், அவற்றுக்கிடையே ஆரஞ்சுச் சுளையின் வெளிப்புறத்தை ஒத்த துண்டுகள் உண்டாகின்றன. முனைக்கோணம் எத்தனை பாகையோ, எதிரெதிரான இரு துண்டுகளும் சேர்ந்து கோளத்தில் 180இல் அத்தனை பங்கை மூடும். மூன்று முனைகளுக்கும் இவ்வாறு கிடைக்கும் மூன்று இணைகள் கோளம் முழுவதையும் மூடுகின்றன. ஆனால் முதல் முக்கோணத்தையும் கோளத்தின் மறுபக்கத்தில் அதற்கு நேரெதிராக உருவாகும் முக்கோணத்தையும் மட்டும் மும்முறை மூடுகின்றன. ஆகவே கோளப்பரப்புக்கு மேல் கூடுதலாக வந்தவை நான்கு முக்கோணப் பரப்புகள். அந்தக் கூடுதல் கோளத்தில் 180இல் மிகைப் பாகை அளவான பங்கு என்பதால், ஒரு முக்கோணத்தின் பரப்பு கோளத்தில் 720இல் மிகைப் பாகை அளவான பங்கு. மேற்கண்ட செங்கோண முக்கோணத்துக்கு 720இல் 90, அதாவது எட்டில் ஒன்று. ஒரு சைன் கூட எழுதாமல் நிறுவல் முடிந்துவிடுகிற இந்த எளிமை, கணிதத்தில் அரிதாகவே வாய்க்கும் அழகு.

ஆல்பேர் ஜிரார் 1629இல் வெளியிட்ட நூலில் இத்தேற்றம் இடம்பெற்றதால் அது அவர் பெயரால் வழங்குகிறது. எனினும் அவர் தந்த விளக்கம் நிறைவான நிறுவலாக அமையவில்லை. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1603இலேயே இதைக் கண்டறிந்து தம் தாள்களில் எழுதி வைத்திருந்தும் அச்சுக்குக் கொடுக்காமலே 1621இல் மறைந்தார் என்பதை எண்ணுகையில் வருத்தமே மேலிடுகிறது.

மாணவர் உதவி கேட்கவே தோன்றாத இடம் ஒன்றும் இந்நிறுவலில் உண்டு. நேரெதிர் முக்கோணமும் முதல் முக்கோணமும் பரப்பில் சமம் என்று மேலே சொல்லாமலே கொள்ளப்பட்டது. ஆனால் அவை வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன் கண்ணாடி உருவம் மற்றது என்பதால், பொதுவாக ஒன்றை நகர்த்தி மற்றொன்றின் மேல் பொருத்த முடியாது. லெஜாண்டர் 1794இல் வெளியிட்ட வடிவியல் நூலில் இதைக் கவனமாகக் கையாண்டார்: மூன்று முனைகள் வழியே செல்லும் வட்டத்துக்குக் கோளப்பரப்பின் மேலேயே அமையும் மையத்தை முனைகளோடு இணைத்தால் மூன்று இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும், இருசமபக்க முக்கோணம் தன் கண்ணாடி உருவத்தோடு அப்படியே பொருந்தும் என்பதால், துண்டு துண்டாகச் சமன் நிறுவப்பட்டுவிடும். அந்த மையம் முக்கோணத்துக்கு வெளியே விழுந்தால் இரண்டு துண்டுகளைக் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும். அந்த நிலையை வரைந்து சரிபார்க்கும் வேலையை ஆசிரியர் தயங்காமல் மாணவரிடமே விட்டுவிடலாம்.