கவனயீனம்

யாழ்ப்பாணத்தில் நம் கல்லூரியை விட்டு 1965ஆம் ஆண்டு வெளியேறிய யான், பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக அமர்ந்தேன். அம்மலைப் பாதையிலேயே சிறிய புகையிரத நிலையமொன்றில் என் தாய்மாமனார் அதிபராக இருந்தார்.

1967ஆம் ஆண்டு மழைக்காலத்து இரவொன்றில், ரோலர் யந்திரத்தை ஓட்டும் தோற்பட்டை கப்பியினின்று நழுவிற்று. தண்டு சுழன்றுகொண்டிருக்கையிலேயே அதனைத் திரும்ப ஏற்ற முயன்ற தொழிலாளி ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். அன்று பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர் அவர். விபத்துப் பதிவேட்டில், ‘காரணம்: தொழிலாளியின் கவனயீனம்’ என எழுதிக் கையொப்பமிட்டவன் யானே. அக்காலத்தில் அப்படி எழுதுவதே வழக்கம்.

மறுவாரம் இதனை மாமாவிடம் கூறினேன். அவர் எழுந்து சென்று, தம் அறையிலிருந்த டேப்லெட் பெட்டியின்மீது கைவைத்தார்.

அதன் வரலாற்றைப் பின்னரே படித்தறிந்தேன். 1874இல் இங்கிலாந்தின் நோரிச் நகரருகே தோர்ப் என்னுமிடத்தில், தந்தியாணை ஒன்றைப் பற்றி ஊழியர் இருவரிடையே நேர்ந்த குழப்பத்தால், ஒற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். அதன் பின்னர் எட்வர்ட் டையர் என்பார் ஆக்கிய கருவியே இது; 1878இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்த இரு நிலையங்களின் பெட்டிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து உலோக வில்லை வெளிவந்துவிட்டால், அது இரண்டிலொரு பெட்டிக்குள் மீளும்வரை வேறொன்று வெளிவராது. வில்லை கையிலின்றிச் சாரதி அப்பகுதிக்குள் நுழையலாகாது. தெமோதரையில் தன் நிலையத்துக்கு அடியிலேயே தான் நுழைந்து, 1924இல் பதுளையை எட்டிய பாதை அது. வளைவுக்கு அப்பால் எது வருகின்றதென்று எக்கண்ணுக்குத் தெரியும்?

“தம்பி, ஒரு பனி இரவு, சரக்கு வண்டி வந்துகொண்டிருப்பதை மறந்துபோனேன். அடுத்த நிலையத்தவரும் நித்திரைக் கலக்கத்தில் சம்மதம் தந்துவிட்டார். இழுப்பறையை இழுத்தேன், அசையவில்லை. பெட்டி பழுதென்று ஏசினேன். பிறகுதான் நினைவு வந்தது” என்றார் மாமா. சற்றுப் பொறுத்து, “உங்கள் பட்டைக்குக் கூடு இருந்ததோ?” என்று வினவினார்.

இருக்கவில்லை. பட்டையைக் கையாற் தொடாது நகர்த்தும் நெம்புகோலும் இருக்கவில்லை.

பெரிய டீமேக்கர் முதலிற் சினந்தார். ஆறு மாதங்கழித்து இரும்பு வலைக் கூடு வந்தது. விரலிழந்தவரைக் கொழுந்து நிறுக்குமிடத்துக்கு மாற்றினர். என்னைக் காணுந்தோறும், “எம் புத்திதாங்க ஐயா கெட்டுப்போச்சு” என்பார். அல்லவென்று அவரிடம் வாய்திறந்து கூற எனக்கு மேலும் பல மாதங்கள் சென்றன.