வழி தவறாதவன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ரேஞ்சர் என்று ஒரு கிளாஸ் உண்டு. நம்மூரில் ரேஞ்சர் என்றதும் வனத்துறை ஜீப்தான் ஞாபகத்துக்கு வரும். இவர் அந்த ரேஞ்சர் இல்லை. ஆனால் ரொம்ப தூரத்துச் சொந்தமும் இல்லை. காடு தெரிந்தவர், தடம் பார்க்கத் தெரிந்தவர், வில்லும் வாளும் பழகியவர், கொஞ்சம் மந்திரமும் கைவசம் உண்டு. பகடை உருட்டிக் கூட்டாகக் கதை சொல்லும் இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். கிளாஸ் என்பது ஒரு வாக்குறுதி மாதிரி. கதையில் இன்ன இடம் வரும்போது மேஜையில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற வாக்குறுதி. சண்டை வந்தால் ஃபைட்டரை. பூட்டு வந்தால் ரோக்கை. அடிபட்டால் கிளெரிக்கை. காடு வந்தால் ரேஞ்சரை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், முதல் லெவலிலேயே ரேஞ்சருக்கு 'நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர்' என்ற திறனைக் கொடுக்கிறது. நமக்கு ஐந்திணை, அவர்களுக்கு எட்டு: பனி, கடற்கரை, பாலை, காடு, புல்வெளி, மலை, சதுப்பு, பாதாளம். ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த நிலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் போனால், கரடுமுரடான பாதை கூட்டத்தின் வேகத்தைக் குறைக்காது. மந்திரம் ஏதும் குறுக்கிட்டால் ஒழிய யாரும் வழி தவற மாட்டார்கள். உணவு தேடினால் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மேஜையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் நான் டன்ஜன் மாஸ்டர், அதாவது உலகத்தை நடத்துபவன். மூன்று நாள் சதுப்புப் பயணம் வந்தது. ரேஞ்சர் ஆடும் நண்பனின் நிலமும் சதுப்புதான். வழி தவறாது, வேகம் குறையாது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. விதிப்படி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "சரி, மூணு நாள் கழிச்சு கோட்டை வாசல்ல நிக்கிறீங்க." சதுப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோட்டையில் ஃபைட்டர் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். அன்றைக்கு ஆட்டம் முடிந்தபின் நண்பன் சொன்னான்: "மச்சான், நான் இருக்கிறதால ஒண்ணுமே நடக்கலடா."

அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ராத்திரி பகலாக சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எதுவும் நடக்காமலிருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. பண்டிகை விற்பனை நாளில் தளம் விழாமல் நின்றால், பாராட்டு மெயில் புது பட்டன் வைத்த டீமுக்குப் போகும். விழுந்தால் இவனுக்கு போன் வரும். வாரம் முழுக்க இப்படி இருந்துவிட்டு சனிக்கிழமையும் அதே வேலையா? "அடுத்த சண்டையில செத்துப்போறேன், விசார்டா திரும்பி வரேன்" என்றான். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

அதனால்தான் இந்த கிளாஸை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன். இதில் நான் முதல் ஆள் இல்லை. ரேஞ்சர் அளவுக்குத் திருத்தி எழுதப்பட்ட கிளாஸ்கள் குறைவு. அது முதலில் வந்தது 1975இல், 'தி ஸ்ட்ரேடஜிக் ரிவ்யூ' இதழில். எழுதியவர் ஜோ ஃபிஷர். டோல்கீனின் ஆரகோர்ன்தான் முன்மாதிரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1978 புத்தகத்தில் உயர்ந்த லெவல் ரேஞ்சர்களுக்கு, தூரத்தில் நடப்பதைக் காட்டும் மந்திரப் பொருட்களைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. ஒரு வனவாசிக்கு அது எதற்கு என்று கேட்டால், ஆரகோர்ன் பலாந்தீர் கல்லைப் பார்த்தாரே, அதற்காக. 1989இன் இரண்டாம் பதிப்பில் இரண்டு கையிலும் ஆயுதம் பிடிப்பது ரேஞ்சரின் அடையாளமானது. ஒவ்வொரு பதிப்பும் 'இவன் யார்?' என்று புதிதாகக் கேட்டு வேறொரு பதில் சொல்லியிருக்கிறது.

ஐந்தாம் பதிப்பின் ரேஞ்சர் மீது வந்த புகார்களில் பெரும்பாலானவை அடியைப் பற்றியவை. பீஸ்ட் மாஸ்டர் என்ற உட்பிரிவில், வளர்ப்பு விலங்கைத் தாக்கச் சொல்ல ரேஞ்சர் தன் சொந்த ஆக்‌ஷனைச் செலவழிக்க வேண்டும். ஓநாய் கடித்தால் நீ சும்மா நிற்க வேண்டும். நியாயமான புகார்தான். 2016இல் சோதனைக்காக ஒரு திருத்தப்பட்ட ரேஞ்சரை வெளியிட்டார்கள். 2020இன் 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' விலங்குக்கு போனஸ் ஆக்‌ஷனில் கட்டளையிட வழி செய்தது. 2024 புத்தகம், குறிவைத்த எதிரி மீது கூடுதல் பகடை உருட்டும் 'ஹன்டர்ஸ் மார்க்' மந்திரத்தைக் கிளாஸின் நடுத்தூணாக்கியது. அதில் இருபதாம் லெவலின் உச்சப் பரிசு, அந்த ஆறுமுகப் பகடை பத்துமுகப் பகடையாவது. சராசரி 3.5லிருந்து 5.5. இருபது லெவல் ஏறி வந்தவனுக்கு ஓர் அடிக்கு இரண்டு புள்ளி.

அடி கூடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என் நண்பனின் குறை அடி இல்லையே. ஃபைட்டருக்கு இரண்டாம் லெவலில் 'ஆக்‌ஷன் சர்ஜ்' கிடைக்கிறது. ஒரு சுற்றில் கூடுதலாக ஒரு ஆக்‌ஷன். அதைக் கொடுத்ததால் சண்டை காணாமல் போவதில்லை, சண்டைக்குள் அவருக்குச் செய்ய இன்னொன்று கிடைக்கிறது. ரேஞ்சருக்குக் கொடுத்த வரமோ, அவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டிய இடத்தையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறது. எங்கள் தொழிலில் ஒரு சிக்கலைக் கண்ணுக்கே தெரியாமல் ஆக்குவது பெருமை. விளையாட்டில் சிக்கல்தான் சரக்கு.

அந்தத் திறனை வெறுமனே பிடுங்கிவிட்டாலும் பிரயோஜனமில்லை. 'குட்பெரி' என்று ஒரு முதல் லெவல் மந்திரம் இருக்கிறது. பத்துப் பழம் வரும், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. பசியை வைத்துப் பயமுறுத்த முடியாது. வழி தவறவிடுவதும் அலுப்பான தண்டனை. காட்டில் வளர்ந்தவன் பகடை சரியாக விழாததால் திசை தெரியாமல் நிற்பது அவனுக்கு அவமானம்.

அதனால் 'வழி தவறாது' என்பதை அப்படியே விட்டுவிட்டேன். வேகமும் உணவும் மட்டும் போயின. அவற்றுக்குப் பதிலாகக் கேள்விகள். ஒவ்வொரு விடியலிலும், புரஃபிஷியன்சி போனஸ் எத்தனையோ அத்தனை கேள்விகளை ரேஞ்சர் என்னிடம் கேட்கலாம். முதல் நான்கு லெவல் வரை இரண்டு, ஐந்தாம் லெவலில் மூன்று. கடைசியாக இந்த வழியில் போனது எது? பாதுகாப்பாகத் தங்க எங்கே இடம்? எங்களை யார் கவனிக்கிறார்கள்? இங்கே இருக்க வேண்டியது எது இல்லை? பகடை கிடையாது. நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பதில்களுக்குப் பின் குறைந்தது இரண்டு வழிகளை நான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரமோ, ரத்தமோ, சத்தமோ ஒரு விலை. பட்டியலிலிருந்து கேள்வி கேட்டு உண்மையான பதில் பெறும் உத்தியை 2010இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சதுப்பில் அவன் நான்காவது கேள்வியைக் கேட்டான். "இங்க இருக்க வேண்டியது எது இல்ல?" என்னிடம் தயாரான பதில் இல்லை. கொஞ்சம் யோசித்து, "தவளைச் சத்தம் இல்ல" என்றேன். மேஜையே அமைதியானது. விசார்ட் ஆடுபவர் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்து, "அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்றார். அவன் உடனே சொல்லவில்லை. வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இதற்கு நஷ்டமும் உண்டு. ஒரு நிமிடப் பயணம் இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. "கோட்டைக்கு எப்பதான் போவோம்?" என்று ஃபைட்டர் முனகுகிறார். எனக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை கூடிவிட்டது. கதை நகரத்துக்குள் நுழைந்தால் என்ன செய்வது என்பதற்கும் முழுத் தீர்வு இல்லை. தெருவும் ஒரு நிலம்தான் என்று சொல்லித் தற்காலிகமாகச் சமாளிக்கிறோம்.

விசார்ட் ஆகும் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவில்லை. ஐந்தாம் லெவல் வந்து மூன்றாவது கேள்வி கிடைத்த அன்று, பட்டியலில் தானே ஒரு கேள்வியை எழுதிச் சேர்த்தான்: எங்களுக்கு முன்னால் இந்த வழியை யார் சரிசெய்து வைத்தது? எந்த ரூல்புக்கிலும் நான் அப்படி ஒரு கேள்வியைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து என் வரைபடத்தில் ஒவ்வொரு மரப்பாலத்துக்கும் ஓர் ஆளை யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது.