கயிற்றின் பின்முனை

பனிமலை ஏறியவர்கள் எழுதும்போது கயிற்றின் முன்முனையைப் பற்றியே எழுதுகிறார்கள். பாதை கண்டுபிடிப்பது, பனியில் படி வெட்டுவது, திரும்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. வழிகாட்டியோடு ஏறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பது பின்முனை. அது சும்மா இழுத்துச் செல்லப்படும் இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, நுட்பமான வேலை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த மலை எக்குவடோரின் கயாம்பே.

கயாம்பே 5,790 மீட்டர் உயரமுள்ள எரிமலை. கடைசியாக வெடித்தது 1785-86இல். அதன் தெற்குச் சரிவில், சுமார் 4,690 மீட்டர் உயரத்தில் பூமத்திய ரேகை கடந்து போகிறது. அந்த ரேகை தொடும் நிலங்களிலேயே உயரமான இடம் அதுதான். வெப்பமண்டலத்தின் நட்டநடுவே இவ்வளவு பனியா என்று வியப்பவர்களுக்கு விடை கிழக்கே இருக்கிறது. ஆண்டிஸின் கிழக்குத் தொடரில் நிற்கும் இந்த மலை, அமேசான் காட்டிலிருந்து வரும் ஈரக்காற்றை மறிக்கிறது. பனியாறுகளை வளர்ப்பதும் அந்தக் காற்று, மலையேறிகளைத் துரத்துவதும் அந்தக் காற்று. 4,600 மீட்டரில் உள்ள மலைக்குடிலுக்கு ருவாலெஸ்-ஒலேயாஸ்-பெர்ஜே என்று பெயர். 1974இல் இதே மலையில் பனிச்சரிவில் இறந்த மூன்று மலையேறிகளின் பெயர்கள் அவை. அந்தப் பெயரின் கீழ்தான் இரவுச் சாப்பாடு, அதன் கீழ்தான் தூக்கம்.

ஏறுவதற்கு முந்தின பிற்பகல், பனியாற்றின் அடிவாரத்துச் சரிவில் என் வழிகாட்டி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நான் விழுந்தால் நீ என்ன செய்வாய்?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சரிவில் கீழ்நோக்கி ஓடித் தன்னை அப்படியே பனியில் எறிந்தார். அவருடைய முழு எடையும் என் இடுப்பு வாரில் வந்து விழுந்தது. நான் குப்புற விழுந்து, பனிக்கோடாரியின் அலகை மார்புக்குக் கீழே வைத்து அழுத்தி, பூட்ஸ் நுனிகளைப் பனியில் குத்தி நின்றேன். எழுந்து வந்தார், உடம்பைத் தட்டிக்கொண்டார், மறுபடி ஓடினார். வெளிச்சம் மங்கும்வரை இது நடந்தது. பனிமலையில் நான் கண்ட மிக நேர்மையான வகுப்பு அது. பனிப்பிளவுகளை மூடிக் கிடக்கும் பனிப்பாலத்தில் முதலில் கால் வைக்கப்போகிறவர் அவர். அது உடைந்தால் அவரைப் பிடிக்க அந்த மலையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

இரண்டே பேர் செல்லும்போது இடைவெளி பன்னிரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. நடுக்கயிற்றில் சில முடிச்சுகள் போட்டு வைப்பார்கள். ஒருவர் பிளவில் விழும்போது கயிறு அதன் விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு இறங்கும். முடிச்சு அந்தப் பனியில் சிக்கிக்கொண்டால் மேலே இருப்பவர் தாங்க வேண்டிய சுமையில் பெரும்பகுதி குறையும். மீதி எல்லாம் கயிற்றின் தொய்வைப் பொறுத்தது. கயிறு மூன்று மீட்டர் தொய்ந்து கிடந்தால், விழுபவர் மூன்று மீட்டர் வேகம் பிடித்த பிறகுதான் இழுப்பு என்னிடம் வரும். அப்போது நிற்க முடியாது, நானும் போவேன். விறைப்பாக இருந்தால் அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் நான் பின்னுக்கு இழுக்கிறேன் என்று பொருள். மெல்லிய பாலத்தின் மேல் அந்தச் சிறு இழுப்பே அவரைத் தடுமாற வைக்கும். பட்டம் விடுகிற பையனுக்குத் தெரியும், நூலில் எவ்வளவு வயிறு விழலாம் என்று. அந்த அளவுதான் இங்கேயும்: கயிற்றின் நடுப்பகுதி பனியை உரசியும் உரசாமலும் வர வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்ய நினைத்தால் அவருடைய வேகம்தான் என் வேகம். எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நிற்க முடியாது. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் பாதிதான் அந்த உயரத்தில். ஆகவே நிற்கத் தேவைப்படாத ஒரு நடையைத் தொடக்கத்திலேயே பிடித்தாக வேண்டும்: பின்காலின் முட்டியை நேராக்கி, உடல் எடையை எலும்பின் மேல் ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கணத்தில் முன்காலின் தசைக்கு ஓய்வு கொடுத்து, பிறகு அடுத்த அடி. பார்ப்பவருக்குச் சோம்பல் நடையாகத் தெரியும். சரிவில் வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கயிறு மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு மாற வேண்டும், கோடாரி எதிர்க்கைக்கு மாற வேண்டும், பூட்ஸில் மாட்டிய கிராம்பான் முட்கள் கயிற்றை மிதிக்கக் கூடாது. இத்தனையும் முன்னால் இருப்பவர் உணராதபடி நடக்க வேண்டும்.

நள்ளிரவையொட்டிப் புறப்பட்டோம். வெயில் ஏறிப் பனிப்பாலங்கள் இளகும் முன் இறங்கிவிட வேண்டும் என்பதால் எல்லோரும் அந்த நேரத்தில்தான் புறப்படுவார்கள். பாறைகளைத் தாண்டிப் பனியாற்றில் கால் வைத்துச் சிறிது நேரத்தில் காற்று எழுந்தது. மேகத்துக்குள் நடக்கிறோம், தலைவிளக்கின் ஒளி மேகத்தில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடிக்கிறது. விளக்கைக் கழற்றி இடுப்புயரத்தில் பிடித்தால் காலடியாவது தெரியும். குல்லாய்க்குள் காற்றின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மேகத்தின் ஈரம் படும் இடத்திலேயே உறைந்தது. வழியை அடையாளம் காட்ட ஊன்றியிருந்த மூங்கில் குச்சிகளில் இறகு இறகாகப் பனி முளைத்திருந்தது. அந்த இறகுகள் காற்றை எதிர்த்தே வளரும், காற்று வரும் திசையைக் காட்டி நிற்கும். வழிகாட்டி ஒவ்வொரு குச்சியிலும் கையை வைத்துத் தடவி அதைப் படித்துக்கொண்டே போனார்.

சிறிது நேரத்தில் அவர் விளக்கும் மறைந்தது. அதன் பிறகு எனக்கு எஞ்சியது கயிறு மட்டும். உண்மையில் அதுவே போதுமானதாக இருந்தது. கயிறு சீராக நகர்ந்தால் சரிவு சீராக இருக்கிறது. மெதுவானால் செங்குத்து. அப்படியே நின்று, விட்டுவிட்டு லேசாக அசைந்தால் கோடாரியின் காம்பால் முன்னே பனியைக் குத்திப் பார்க்கிறார். அப்போது நான் கோடாரியை ஆழமாக ஊன்றி நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பிளவின் ஓரமாகவே போகிறார். அவருக்குப் பின்னாலேயே போய்விடாமல் நானும் என் வரிசையைத் தள்ளிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இருவரும் ஒரே பிளவின் மேல் நீளவாக்கில் நிற்போம். உச்சிக்குக் கீழே இருந்த பெரும்பிளவில் கயிறு நெடுநேரம் நின்றது. உறைந்துபோய் இருமடங்கு தடித்திருந்தது, வளைய மறுத்தது. கைமாற்றிக் கைமாற்றி அதன் மேலிருந்த பனியை நொறுக்கி உதிர்த்துக்கொண்டே இருந்தேன். பிளவில் விழுந்தவரை மீட்கக் கயிற்றில் போடும் முடிச்சு, பனி பூசியிருந்தால் பிடிக்காமல் வழுக்கும். பிறகு கயிறு விரைந்து ஓடியது, நின்றது, பேசி வைத்தபடி மூன்று இழுப்பு வந்தது. அவர் கடந்துவிட்டார். இனி என் முறை.

இப்படி ஒருவரை ஒருவர் நம்பும் கயிறு இந்த மலைக்குப் புதிதல்ல. 1880இல் மலையேறி எட்வர்ட் விம்பர் இந்த மலையில் முதன்முதலாக ஏறியபோது அவருடன் கயிற்றில் இருந்தவர்கள் ஜான் அந்துவான் காரெல், லூயி காரெல் என்ற இத்தாலிய வழிகாட்டிகள். விம்பருக்குக் கயிறு என்றால் என்ன என்று தெரியும். 1865இல் மேட்டர்ஹார்ன் மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய குழுவில் ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். அறுந்தது இருந்தவற்றிலேயே பழைய, மெல்லிய கயிறு. ஜான் அந்துவான் காரெல் 1890இல் அதே மேட்டர்ஹார்னில், கடும்புயலில் தன் விருந்தினரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஆபத்து தாண்டிய இடத்தில் களைத்து விழுந்து உயிர்விட்டார். விம்பரின் பெயரைச் சொல்கிறவர்கள் காரெலின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நின்றோம், வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, திரும்பினோம்.

இறங்கும்போது வரிசை தலைகீழாகும். வழிகாட்டி மேலே கடைசியில் நிற்பார், வழுக்கினால் பிடிக்க வேண்டியவர் இப்போது அவர். நான் முன்னால். ஏறி வந்த காலடிகளைக் காற்று நிரப்பிவிட்டிருந்தது. மூங்கில் குச்சியிலிருந்து அடுத்த குச்சியைத் தேடி, கிடைக்காதபோது நின்று, அவர் கயிற்றை இடப்பக்கமோ வலப்பக்கமோ அசைத்துக் காட்டும்வரை காத்திருந்து இறங்கினேன். பெரும்பிளவின் பாலத்தை இம்முறை நான்தான் முதலில் கடக்க வேண்டியிருந்தது. கோடாரிக் காம்பால் குத்திப் பார்த்தேன்: கெட்டியாக இருந்தது, இன்னும் ஓர் அடி, மறுபடி குத்தல். கயிறு எனக்குப் பின்னால் இழுக்கவும் இல்லை, தொய்யவும் இல்லை. நான் எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் சரியாக அந்த அடியளவு வந்துகொண்டிருந்தது.