இருபது அடி உயரம், நான்கு அடுக்கு அட்டை

2025 ஜூலை 13ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், சரிவுப் பலகையில் ஏறிப் பாய்ந்த கார் உருண்டதில் சண்டைக் கலைஞர் எஸ்.எம். ராஜு இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் ‘சர்தார் 2’ படத் தளத்தில் உயரத்திலிருந்து விழுந்து ஏழுமலை. 2022 டிசம்பரில் ‘விடுதலை’ படத் தளத்தில் கயிறு அறுந்து சுரேஷ். மூன்று பேருக்கும் இரங்கல் அறிக்கைகள் வந்தன. மூன்று சாவுகளுக்குப் பிறகும், அடுத்த முன்னோட்டத்தில் எத்தனை பேர் எத்தனை அடி பறக்கிறார்கள் என்றுதான் நாம் பார்த்தோம்.

இதைப் பற்றி ஓசூரில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “அத்திபெலேல ஒருத்தர் இருக்கார், பழைய ஃபைட்டர். பசங்களுக்கு எப்படி விழறதுன்னு சொல்லிக் குடுக்கறார், போய்ப் பாருங்க” என்றார். அடிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். விழக் கற்றுக்கொடுப்பவரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஓசூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடக எல்லை வளைவும் சோதனைச்சாவடியும் வரும். அதுதான் அத்திபெலே. காவிரிப் பிரச்சினை கிளம்பும்போதெல்லாம் தொலைக்காட்சியில் தெரிகிற ஊர்; பேருந்துகள் அங்கேயே நின்றுவிட, ஜனங்கள் மூட்டையோடு நடந்து எல்லை கடப்பார்கள். சாலையோரத்தில் வரிசையாகப் பட்டாசுக் கடைகள். 2023 அக்டோபர் 7ஆம் தேதி அப்படியொரு கடையும் கிடங்கும் தீப்பிடித்து அன்றே 14 பேர் கருகிப்போனார்கள். தீபாவளிக் கூலிக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அதில் பலர். உடம்பைக் கூலிக்குக் கொடுக்க எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு இந்த ஊர் வாசல்படி மாதிரி.

மாஸ்டரின் கொட்டகை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, மண் தரை, ஒரு மூலையில் சிலம்பக் கம்புகள். மறு மூலையில் சுவர் உயரத்துக்கு மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகள். பழைய சாமான் கடையென்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்னும் சில பேர் கூப்பிட்டால் வேலைக்குப் போகிறவர் அவர். இங்கே ‘மாஸ்டர்’ என்றே எழுதுகிறேன்.

தளியைத் தாண்டி ஒரு கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். சிலம்பம் பெரியப்பாவிடம் கற்றது. எண்பதுகளில் கராத்தே வெறி ஊர் ஊராகப் பரவியபோது சைக்கிள் மிதித்து ஓசூர் வந்து பெல்ட் வாங்கினார். அந்த நாளில் சண்டை தெரிந்த இளைஞனுக்கு மனதில் ஒரே திசைதான், வடபழனி. அதற்குக் காரணமும் பக்கத்திலேயே இருந்தது. குடியாத்தத்துக்காரரான ஜூடோ ரத்தினம், 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் சண்டைப் பயிற்சியாளராகி, 1980இல் ‘முரட்டுக்காளை’ ரயில் சண்டை வரைக்கும் வந்துவிட்டிருந்தார். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, ராம்போ ராஜ்குமார் என்று பின்னால் பெயரெடுத்த பலர் அவரிடம் தொழில் பழகியவர்கள். 2023 ஜனவரியில் தொண்ணூறைக் கடந்த வயதில் அவர் மறைந்தபோது, மாஸ்டர் இரவு பேருந்து ஏறிக் குடியாத்தம் போய் வந்திருக்கிறார்.

“கம்பும் கராத்தேயும் நிக்கறதுக்குச் சொல்லித் தரும் சார். காலை ஊனி நில்லு, விழாதே, விழுந்தா தோத்தே. அதைத்தான் பத்து வருசம் பழகியிருக்கேன். மெட்ராஸ்ல மொத நாளே விழச் சொன்னாங்க. விழத் தெரியலை. காலர் எலும்பு போச்சு.”

இது எனக்குப் புதிய செய்தி. தற்காப்புக் கலைக்காரர் சினிமாவுக்குப் போனால் கையிலிருக்கும் வித்தையைக் காட்டுவார் என்றுதான் வெளியிலிருந்து தோன்றும். உண்மையில் அவர் போன மறுநாளே வித்தையை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. அடிக்கிற வேலை கதாநாயகனுடையது. ஃபைட்டருடைய வேலை அடி வாங்குவது. அதுவும் படாத அடியைப் பட்ட மாதிரி வாங்குவது. நாயகனின் கை காற்றில் வீசி முடிகிற கணத்தில் இவர் தலை திரும்ப வேண்டும். முந்தினால் பொய் தெரியும். பிந்தினால் பல் போகும். ஜூடோக்காரர்கள் இந்தத் தொழிலில் தலையெடுத்ததற்கும் இதையொட்டிய காரணம் இருக்கிறது. ஜூடோவில் முதல் பாடமே விழுவது: உகெமி. முகவாயை மார்போடு ஒட்டி, உடம்பை வளைத்து, தரை தொடும் நொடியில் கையால் ஓங்கித் தரையை அறைவது. எதிராளியைத் தூக்கிப் போடும் பாடம் அதற்குப் பிறகுதான்.

மாலையில் பையன்கள் வந்தார்கள். தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் சிலர், கல்லூரி மாணவர்கள் சிலர், பீட்சா கொடுக்கும் பையோடு நேராக வந்த ஒருவன். முதலில் கராத்தே வரிசைகள் நடந்தன. அவற்றை எங்கும் பார்க்கலாம். கயிறு கட்டி ஆளைத் தூக்கும் கணக்கையும் மாஸ்டர் விளக்கினார். இடுப்புப் பட்டை, கப்பி, எதிர்முனையில் இழுக்கும் ஆட்கள் என்று அது தனி உலகம். என் கண் அட்டைப்பெட்டியை விட்டு நகரவில்லை.

பெட்டிகள் குஜிரிக் கடையிலிருந்து, அதாவது பழைய சாமான் கடையிலிருந்து, வருகின்றன. அத்திபெலே, பொம்மசந்திரா, ஓசூர் சிப்காட் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள் இருப்பதால் தட்டுப்பாடு கிடையாது. ஆனால் எல்லாப் பெட்டியும் உதவாது. மாஸ்டர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மூலையை அழுத்திப் பார்க்கிறார். கனத்த இயந்திரப் பாகம் வந்த இரட்டைச் சுவர்ப் பெட்டி நசுங்காது, அது முதுகை உடைக்கும். மழையில் நனைந்து காய்ந்தது நசுங்கிவிடும், ஆனால் தாங்காது. பிஸ்கட் பெட்டிதான் அவருக்குப் பிடித்தது. பையன்கள் முதலில் செய்யும் வேலை, கொறடு வைத்து ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பின்களைப் பிடுங்குவது. ஒரு பின் மிஞ்சினாலும் அன்று பயிற்சி இல்லை. பிறகு வெற்றுப் பெட்டிகளை வாய் மூடி, காற்று உள்ளே நிற்க, நெருக்கமாக அடுக்குகிறார்கள். ஓரத்துப் பெட்டி விலகி ஓடாதபடி சுற்றிலும் கயிறு. மேலே மெல்லிய பெட், அதற்கு மேல் தார்ப்பாய். “பன்னெண்டு அடிக்கு மூணு அடுக்கு. இருபதுன்னா குறைஞ்சது நாலு. அதுக்கு மேல போனா எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன், நானே நின்னு அடுக்குவேன்.”

இருபது அடி கீழே விழுகிறவர், தரை தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். மண் தரை அந்த வேகத்தைச் சில அங்குலத்தில் நிறுத்திவிடும். எலும்பு உடைவது அதனால்தான். அட்டைப்பெட்டி அதே வேகத்தை நாலைந்து அடி தூரத்துக்கு நீட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. ஒவ்வொரு மூலையும் மடியும்போது விழுகிறவரின் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. நசுங்கிய பெட்டி இன்னொரு முறை அந்த வேலையைச் செய்யாது. ஆகவே ஒரு குதிப்புக்குப் பிறகு மேலடுக்குகளைக் கலைத்துப் புதுப் பெட்டி போட வேண்டும். அவசரப் படப்பிடிப்புகளில் முதலில் காவு போவது இந்த வேலைதான். ‘ஒன் மோர்’ என்று குரல் வரும், பெட்டி மாற்ற இருபது நிமிடம் ஆகும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். மாஸ்டரின் இடது தோள் அப்படியொரு ‘ஒன் மோர்’ மாலையில் போனது. இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேல் எழும்பாது. சட்டையை மாட்ட மனைவி உதவ வேண்டும்.

பீட்சாப் பையன் சாரத்தில் ஏறினான். மாஸ்டர் கீழிருந்து, “பெட்டியைப் பாரு, என்னைப் பாக்காதே. கால்ல எறங்காதே, முதுகைக் குடு” என்றார். பையன் காற்றில் மல்லாந்து, கைகளை விரித்து, சத்தமாக மூச்சை விட்டபடி விழுந்தான். மாஸ்டர் அவனைத் தூக்கிவிடவில்லை. முதலில் கால் விரல்களை ஆட்டச் சொன்னார், பிறகு கழுத்தை. பிறகுதான் “நல்லாருந்துச்சு” என்றார்.

நான் கேட்காமலே, டைரக்டராக ஆசைப்பட்ட கதையையும் சொன்னார். 1996இல் ‘போலீஸ் ஸ்டோரி’ கன்னடப் படம் வந்தது. சாய்குமார் நடித்த அந்தப் படத்தை இயக்கியவர் சண்டைப் பயிற்சியாளர் திரில்லர் மஞ்சு. படம் பெரிய வெற்றி; 2007இல் இரண்டாம் பாகத்தையும் அவரே இயக்கினார். “எல்லாரும் சாய்குமார் டயலாக்குக்குக் கை தட்டினாங்க. எனக்கு ஒண்ணுதான் ஓடுச்சு. அடி வாங்கின கூட்டத்துல இருந்து ஒருத்தன் ஏறி வந்து நாற்காலில உக்காந்துட்டான்.” அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டுக் காட்சிகள் எழுதினார். தயாரிப்பாளர் யாரும் அமையவில்லை.

சண்டைப் பயிற்சியாளர் இயக்குநராவதில் வியப்படைய எதுவும் இல்லை. நம் படங்களில் சண்டைக் காட்சியின் நாட்களில் தளம் முழுக்க அவர் கையில். கேமரா எங்கே நிற்க வேண்டும், எந்த நொடியில் வெட்ட வேண்டும், கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் சிதற வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்கிறார். ஒரு படத்துக்கு நான்கு சண்டை என்றால், பெயர் போடாமல் அவர் இயக்கிய நீளமே ஒரு குறும்படத்தைத் தாண்டும். ரவி வர்மா 2019இல் சிவராஜ்குமாரை வைத்து ‘ருஸ்தும்’ எடுத்ததும், ஸ்டண்ட் சில்வா 2021இல் ‘சித்திரைச் செவ்வானம்’ எடுத்ததும், அன்பறிவு இரட்டையர் கமல்ஹாசனை இயக்கப்போவதாக 2024இல் அறிவிப்பு வந்ததும் அந்த வழியில்தான். 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் ‘புலிமுருகன்’ படத்துக்காக பீட்டர் ஹெய்ன் சண்டை அமைப்புக்கான பரிசு பெற்றார். ஆஸ்கர் அமைப்பும் 2027ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து இதற்குத் தனி விருது தரப்போகிறது.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவருக்கு இதில் என்ன கிடைத்தது என்று நான் கேட்டபோது மாஸ்டரின் குரல் மாறிவிட்டது. சண்டைக் கலைஞர் சங்கத்தில் கார்டு வாங்க அவர் நிலத்தை அடமானம் வைத்தார். கார்டு இருந்தால் கூலி கேட்கலாம், அடிபட்டால் சங்கம் வாசலில் வந்து நிற்கும். இப்போது இங்கே பழகும் பையன்களுக்குக் கார்டு கிடையாது. வெப் சீரிஸ், விளம்பரம், புதிதாகப் படமெடுக்க வருகிற ரியல் எஸ்டேட்காரர்கள் என்று வேலை பெருகிவிட்டது. ஆள் பிடித்துத் தர நடுவில் ஒரு கோஆர்டினேட்டர் முளைத்துவிட்டார். ஜிம்மிலும் கராத்தே வகுப்பிலும் வந்து, ‘ஸ்க்ரீன்ல வருவே’ என்கிறார். கம்பெனி தலைக்கு எவ்வளவு கொடுத்தது என்பது பையனுக்குத் தெரியாது. கையில் வருவது பேட்டா, பிரியாணி, ஒரு செல்ஃபி. கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லை என்பதால், அவன் கால் ஒடிந்தால் அவன் அந்தத் தளத்துக்கு வந்ததற்கே சாட்சி இல்லை.

திரைத்தொழிலாளரை எழுத்து ஒப்பந்தமில்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981இலேயே நடுவண் அரசு சட்டம் போட்டது. கர்நாடக அரசு 2024இல் கொண்டுவந்த சட்டம், திரைக்கலைஞர் நலநிதிக்காகச் சினிமா டிக்கெட்டிலும் ஓடிடி சந்தாவிலும் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை வசூலிக்க வழி செய்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் பெயரே இல்லாத பையனை எந்த நிதி தேடிப் போகும்? விபத்தைத் தடுக்க ஆகும் செலவையும் பார்க்கலாம். 2016 நவம்பர் 7ஆம் தேதி திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ‘மாஸ்தி குடி’ படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த அனில், உதய் என்ற இரு நடிகர்களும் மூழ்கி இறந்தார்கள். இருவருக்கும் உயிர்காப்புச் சட்டை இல்லை. ஒரு சட்டை என்ன விலை? ஹெலிகாப்டரின் ஒரு மணி நேர வாடகையில் எத்தனை நூறு சட்டை வாங்கலாம்? 2021 ஆகஸ்டில் பிடதி அருகே ‘லவ் யூ ரச்சு’ படப்பிடிப்பில் மின்கம்பி பட்டு ஓர் இளம் சண்டைக் கலைஞர் இறந்தார். கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நாயகனுக்குக் கேரவன் உண்டு, கேரவனுக்கு ஜெனரேட்டர் உண்டு, ஜெனரேட்டருக்கு ஆபரேட்டர் உண்டு. தளத்தில் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் மட்டும் பட்ஜெட் நினைவுக்கு வருகிறது. சண்டைக் கலைஞர்களுக்காக நடிகர் அக்‌ஷய் குமார் தன் கையிலிருந்து காப்பீடு கட்டுகிறார் என்று செய்தி வந்தது. அவர் வாழ்க. ஒரு நடிகரின் நல்ல மனசை நம்பித்தான் ஒரு தொழிலே உயிர் பிழைக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தயாரிப்புச் செலவில் முதல் வரியாக எழுதவேண்டிய தொகை அது.

மாஸ்டர் தன் பையன்களுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருக்கிறார். வேலைக்கு அழைப்பு வந்தால் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். அன்றைக்கும் ஒரு அழைப்பு வந்தது. சர்ஜாபுரா பக்கம் ஷூட்டிங், திங்கட்கிழமை, மாடியிலிருந்து ஒரு ஜம்ப்.

“எத்தனை அடிண்ணா?” என்று பையன் கேட்டான்.

“அதெல்லாம் சின்னதுதான். பதினஞ்சு இருக்கும்.”

“கீழே என்ன போடறீங்க?”

“பெட் இருக்கு.”

மாஸ்டர் கையால் சைகை காட்ட, பையன், “பெட் மட்டும்னா வர மாட்டேண்ணா. பெட்டி வேணும். எங்க மாஸ்டரே கொண்டு வந்து அடுக்கித் தரேங்கறார், டாடா ஏஸ் வாடகை மட்டும் குடுத்தா போதும்” என்றான்.

வாடகை எவ்வளவு என்று அந்தப் பக்கம் கேட்டது. மாஸ்டர் போன் பக்கம் குனிந்து, “ஆயிரத்து ஐந்நூறு” என்றார். ப்ரொடக்‌ஷனில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அழைத்தவர் வைத்துவிட்டார். நான் ஓசூர் திரும்பிய பிறகும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் நண்பர் விசாரித்துச் சொன்னார்: அந்த வேலைக்கு ஆனேக்கல்லில் வேறொரு பையனைப் பிடித்துவிட்டார்களாம்.