நொச்சி அல்ல, வெர்பீனா

அஞ்சலட்டையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘நீங்கள் வெர்பீனா செடியை நேரில் பார்த்ததுண்டா?’ கீழே கையெழுத்து. ‘ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்’ என்ற குறிப்பு. பதினைந்து வருடங்களுக்கு முன் வந்த அட்டை. பதில் போடவில்லை. நேர்மையான பதில் ‘இல்லை’ என்பதுதான். அதை எழுத மனம் வரவில்லை.

தவறு என்னுடையது. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஓர் இணைப்பிதழுக்காக மொழிபெயர்த்திருந்தேன். 1938இல் வெளியான ‘தி அன்வாங்க்விஷ்ட்’ நூலின் கடைசிக் கதைக்கு ‘ஆன் ஓடர் ஆஃப் வெர்பீனா’ என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு நடக்கும் கதை. தந்தையைச் சுட்டுக் கொன்றவனை ஓர் இளைஞன் பழிவாங்க வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கிறது. அவனைத் தூண்டிவிடும் பெண் தலையில் வெர்பீனா சூடியிருக்கிறாள். அவனோ ஆயுதமில்லாமல் போகிறான். கதையின் உயிர் அந்த மணத்தில் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் சொல்லியாக வேண்டும். வெர்பீனாவுக்கு என்ன சொல்?

பழைய தாவரவியல் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது வெர்பீனா குடும்பத்தின் பட்டியலில் நொச்சி இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நொச்சி வெறும் செடியா? மதிலைக் காத்து நிற்பவர்கள் சூடும் பூ. புறப்பொருள் வெண்பாமாலையில் அது தனித் திணை. புறநானூற்றில் மோசிசாத்தனார் நொச்சியை முன்னிலைப்படுத்திப் பாடும்போது, பெண்கள் அதைத் தழையாக அணிவதையும் வீரன் தலையில் சூடுவதையும் சேர்த்தே சொல்கிறார். பெண், போர், பூ. மூன்றும் பொருந்திவிட்டன. ‘நொச்சியின் மணம்’ என்று தலைப்பை எழுதிவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அஞ்சலட்டை வந்த பிறகுதான் மூக்கு விழித்துக்கொண்டது. நொச்சி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது என்ன? ஜலதோஷம். கொதிக்கும் பானை, தலைக்கு மேல் போர்வை, உள்ளே மூச்சு முட்ட ஆவி பிடித்தல். ஃபாக்னரின் நாயகியை நான் ஆவி பிடிக்க உட்கார வைத்திருந்தேன்!

குஷாய்குடாவில் மொட்டை மாடியுடன் வீடு அமைந்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. இது ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரம். 1967இல் தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த பகுதி. பொதுத்துறை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சில இங்கேயே தங்கிவிட்டன. ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகள் நன்றாகவே குளிரும். சென்னை மாடியில் பாடுபட்டாலும் சரியாக வராத குளிர்காலப் பூக்கள் இங்கே வரும் என்றார்கள். வெர்பீனா அந்த வகை.

முதல் வருடம் ஜூன் மாத மழையோடு விதைத்தேன். அவரைக்கும் பூசணிக்கும் அதுதானே பருவம்? ஒன்றுகூட முளைக்கவில்லை, மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயின. அடுத்த வருடம் அக்டோபரில் விதைத்து, தினமும் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். நாற்பது விதைக்கு இரண்டு முளைத்தன. அக்கறையே எமனாகும் செடி இது என்று அப்போது தெரியாது.

விதை என்று பாக்கெட்டில் வருவது சின்னக் குச்சி போல இருக்கும். ஒரு கனி நான்காகப் பிளந்தால் கிடைக்கும் துண்டு அது. அதிக ஈரம் ஆகாது. வெளிச்சமும் வேண்டாம். மண்ணை முதல் நாளே நனைத்து வடியவிட்டு, மறுநாள் விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, மேலே ஒரு காகிதத்தையும் போட்டு நிழலில் வைத்துவிட வேண்டும். பிறகு மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்தால் தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடலாம். முளை வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். பாதி முளைத்தாலே அதிர்ஷ்டம். முளை தெரிந்ததும் காகிதத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

எனக்குக் காலண்டராக இருப்பது பதுகம்மா. மழை ஓய்ந்து, தங்கேடும் குனுகும் கூடை கூடையாக ஈ.சி.ஐ.எல். நாற்சந்திக்கு வந்து இறங்கினால் வெர்பீனா விதைக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். தங்கேடு வேறொன்றுமில்லை, நம் ஆவாரம்பூ. எல்லாப் பூவும் இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகக் கிடைத்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏது கவலை! கீழ் வீட்டு அம்மா நாற்றுத் தட்டைப் பார்த்து, பதுகம்மா அடுக்க இந்தப் பூ ஆகுமா என்று கேட்டார். ஆகாது, இது சங்கராந்திக்குத்தான் பூக்கும் என்றேன். “அப்புறம் எதற்கு?” என்றார். அஞ்சலட்டைக் கதையை எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டேன்.

நாலைந்து இலை வந்ததும் எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒன்று என்று நட்டேன். செம்மண், மணல், மக்கிய சாண எரு. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். செடி ஒரு சாண் உயரம் வருவதற்குள் நுனியைக் கிள்ள வேண்டும். கை நடுங்கத்தான் செய்யும். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கொடியாக ஓடி நுனியில் ஒரு கொத்தோடு நின்றுவிடும். கிள்ளினால் பக்கத்துக்கு நாலு கிளை வைத்துத் தொட்டி விளிம்பில் வழியும்.

மூன்றாவது வருடம், ஜனவரி இரண்டாம் வாரம் பூத்தது. ஊதா, சிவப்பு, நடுவில் வெள்ளைக் கண் வைத்த இளஞ்சிவப்பு. இட்லிப் பூவைப் போல் கொத்து, ஆனால் சிறியது. விளிம்புப் பூக்கள் முதலில் விரிய நடுவில் மொட்டுகள் காத்திருக்கும். ஓரிரண்டு பட்டாம்பூச்சிகளும் வந்தன. நான் குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. மாலையில் முகர்ந்தேன். இலையைக் கசக்கிப் பார்த்தேன். பச்சை வாடை மட்டும்தான்.

கடியத்திலிருந்து செடிகளை வரவழைத்து விற்கும் நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டேன். “இது அழகுக்கு அம்மா, வாசனைக்கு இல்லை” என்றார், மல்லிகைத் தொட்டி ஒன்றை என் பக்கம் நகர்த்தியபடி.

அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். கதையில் வருவது பெரும்பாலும் எலுமிச்சை வெர்பீனா. தென் அமெரிக்கப் புதர். அதே குடும்பம்தான், பேரினம் வேறு. மணம் பூவில் அல்ல, இலையில். என் மாடியில் இருந்தது தென் அமெரிக்க இனங்கள் சிலவற்றைக் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய தோட்டக் கலப்பினம். அதையும் இப்போது பல தாவரவியலாளர்கள் வெர்பீனாவிலிருந்து பிரித்து கிளாண்டுலேரியா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். இன்னொரு அடியும் காத்திருந்தது. நொச்சியே அந்தக் குடும்பத்தில் இல்லை! 1990களில் நடந்த மறு ஆய்வுகளுக்குப் பிறகு நொச்சி, தேக்கு, குமிழ் ஆகியவை துளசிக் குடும்பத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. நான் ‘நொச்சியின் மணம்’ என்று எழுதியபோதே அந்த உறவு முறிந்திருந்தது. புத்தகம்தான் பழையது.

அப்படியென்றால் வெர்பீனாவுக்கு நம்மிடம் சொந்தமே இல்லையா? இருக்கிறது, மதிக்கத்தக்க இடத்தில் இல்லை. ஒன்று உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நீலகிரிக் காடுகளை அடைத்துக்கொண்டது. இன்னொன்றை நானே பல மாதங்களாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன். மாடிக் குழாயின் கசிவில் தொட்டிகளுக்கு இடையே படர்ந்த பொடுதலை. அதன் விரல் நுனியளவு கதிரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், வெர்பீனாவின் முகம்தான், சுண்டிப்போன முகம். ‘பொடுதலையின் மணம்’ என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பொடுகுத் தைலம்தான் நினைவுக்கு வந்தது. போதும். வெர்பீனா வெர்பீனாவாகவே இருக்கட்டும்.

மணம் இல்லை என்பதற்காகச் செடியை வெறுத்துவிடவில்லை. வாடிய கொத்துகளை உடனுக்குடன் நறுக்கினால் மார்ச் வரை பூக்கிறது. மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றினால் மறு வாரமே இலை மேல் சாம்பல் பூத்துவிடும். காலையில், வேரில் மட்டும் ஊற்ற வேண்டும். வெயில் ஏறும்போது சிலந்திப்பேன் வரும். வேப்பெண்ணெய் சற்றுக் கேட்கும், முழுக்கக் கேட்காது.

ஏப்ரலை அது தாண்டுவதில்லை. ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மாடியின் காங்கிரீட் தளத்தில் ஒரு வாரத்தில் கருகிவிடும். ஆண்டுச் செடி என்று விட்டுவிடலாம்தான். போன மார்ச்சில், மண்ணைத் தொட்ட கணுக்களில் தானாகவே வேர் விட்டிருந்த ஆறு துண்டுகளை வெட்டி, தண்ணீர்த் தொட்டியின் வடக்கு நிழலில் வைத்தேன். நான்கு மே மாதத்திலேயே போய்விட்டன. ஐந்தாவது மழையில் அழுகியது.

ஆறாவது இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் அதைத் தாழ்வாரத்துக்குள் வைத்திருந்தேன். கீழ் வீட்டு அம்மா மாடிக்கு வந்து பொடுதலையை ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு, தாழ்வாரத்துத் தொட்டியைப் பார்த்து, “அந்தப் பெயர் என்ன, இன்னொரு தரம் சொல்லு” என்றார். சொன்னேன்.