ஏரிக்குப் போகும் வழி யாருடையது?

திருத்தணி வட்டாரத்தில் கோடையில் ஏரி வறண்டால், வண்டல் மண்ணுக்கு டிராக்டர்கள் கிளம்பிவிடும். 2024-லிருந்து தாசில்தாரே அனுமதி தருகிறார். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90; மண்ணுக்குக் காசு இல்லை. அனுமதி கைக்கு வந்தும், ஒரு பங்காளிக் குடும்பத்தில் ஒரு நடை மண்கூட வயல் சேரவில்லை. ஏரிக்குப் போகும் வழியில் முள்வேலி. அனுமதிக்குக் கெடு உண்டு. மழை பிடித்துவிட்டால் ஏரிக்குள் வண்டி இறங்காது.

வேலி போட்டவர் பெரியப்பா. தம்பி மகன் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினான். "பாருங்க பெரியப்பா, கரை வரைக்கும் வெள்ளையா கோடு தெரியுது. இதுதானே வழி?"

"மாடு மேய்ஞ்ச தடம்கூடத்தான் அதுல தெரியும். அதுக்காக என் பட்டா உன் வழி ஆயிடுமாடா?"

கோபத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். வண்டி எங்கே போகிறது என்பதைத்தான் அந்தப் படம் காட்டும்; நிலம் யாருடையது என்று சொல்லாது. டி.என்.ஜி.ஐ.எஸ். எனும் அரசு வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டால் சர்வே எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து, இ-சேவை இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, வாய்க்காலா, வண்டிப்பாதையா என்பது அதில் இருக்கும். பிறகு புலப்படம். தன் நிலத்துக்கு மட்டுமல்ல, வழியின் இரண்டு பக்கத்து எண்களுக்கும் எடுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

எடுத்துப் பார்த்ததில் பாதி தூரம் வண்டிப்பாதைப் புறம்போக்கு. மீதி, பெரியப்பாவின் பட்டாவுக்குள். இருவருக்கும் பாதி நியாயம். ஆனாலும் செல்போன் கோட்டை நம்பி வேலியைப் பிடுங்கக் கூடாது; படத்தின் மேல் விழும் எல்லைக்கோடு சில மீட்டர் தள்ளியிருக்கலாம். கட்டணம் கட்டி, நில அளவர் வந்து புலப்பட அளவுப்படி எல்லை காட்டிய பிறகுதான் முதல் பாதி திறந்தது.

மீதிக்குத்தான் பேச்சுவார்த்தை இழுத்தது. இன்று விட்டால் நாளை உரிமை கேட்பார்கள் என்பது பெரியப்பாவின் பயம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு போய்வந்த வழிக்கு சிவில் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். ஆனால் நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் அனுமதித்துப் போனால் அது உரிமையாகாது. ஆகவே "என் சம்மதத்தில் போகிறார்" என்று எழுதி வாங்குவது அவருக்குத்தான் பாதுகாப்பு. இது விளங்கியதும், வேர்க்கடலை பிடுங்கிய பின் வண்டி போகலாம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதற்கும் முன்பு கார்வேட்டிநகர் ஜமீன். தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருக்கலாம். அதிலுள்ள சர்வே எண்ணும் பழையதாக இருக்கலாம். அதை இணையத்தில் தட்டினால் வேறொருவர் நிலம் வந்து நிற்கும். தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டு விவரம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வரைபடத்தைத் திறப்பது நல்லது.